கழலாத தொப்பி

தொப்பியில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய் விழுந்த நல்லமுத்துவின் தலையிலோ காதுக்கு மேலிருந்து பிடரி வரை தையல்.

இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடக்க முடியும்? அழகுமுத்துவுக்குப் பிடிபடவில்லை. ஹட்டன் தொழிலாளர் சங்க அலுவலகத்து ஜன்னலோரம் தொப்பியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளி ஓடு நன்றாக இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த தக்கை நசுங்கவில்லை. தாடைக்குக் கீழே பூட்டுகிற தோல்வார் அறுந்திருக்கும் என்று நினைத்தான், அறவில்லை. தையல் பிரிந்திருக்கும் என்று நினைத்தான், அதுவும் இல்லை. பக்கிளின் முள் நேராக நின்றது. எதுவுமே உடையாமல் ஒரு தொப்பி தலையைவிட்டுப் பறந்துபோய்த் தேயிலைச் செடிக்குள் விழுந்திருக்கிறது. தலை தனியாகப் போய் மதகுக் கல்லில் மோதியிருக்கிறது.

"ராசியில்லாத தொப்பிப்பா அது" என்றார்கள் அலுவலகத்தில்.

அழகுமுத்து ராசியை நம்புகிறவன் இல்லை. பெருங்காட்டுத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவன். ஓர் இயந்திரம் நின்றால் அதற்கொரு காரணம் உள்ளே எங்கோ இருக்கும் என்று பழகியவன். வேலைநிறுத்தம் ஒன்றில் பேர் வெட்டி வெளியே அனுப்பப்பட்டபின் சங்கத்தில் சேர்ந்தான். இப்போது நல்லமுத்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால் சங்கத்தின் ஒரே மோட்டார் சைக்கிளும், அவர் பார்த்துவந்த தோட்டங்களும் இவனிடம் வந்தன. திங்கட்கிழமை அவன் போகவேண்டியது அதே பெருங்காட்டுக்கு. அங்கே காளியாயி கூட்டத்துப் பெண்களுக்கு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தும் நிறை குறைவு என்று சொல்லி அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம், போட்டிருந்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையோடு பேசி முழுப்பேராக்க வேண்டும்.

நல்லமுத்துவின் தொப்பி அவனுக்குச் சேரவில்லை. அவன் தலை பெரியது. தொப்பி உச்சியில் செம்பு கவிழ்த்தமாதிரி நின்றது. புதிதாக வாங்கித்தர சங்கத்தில் காசு கிடையாது.

"அப்படின்னா பஸ்ஸுல போங்க" என்றாள் அவன் மனைவி நாகலெட்சுமி. அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, டவுனில் பாதிப்பேருக்குச் சட்டை தைக்கிறாள்.

"பஸ் ரோட்டோட நின்னுடும். தோட்டத்துக்குள்ள மேல ஏற யாரு பஸ் விடுறா?"

"நடந்து போங்க."

"நாலு தோட்டம் லெட்சுமி. ஒரு தோட்டம் நடந்து முடியறதுக்குள்ள மத்த மூணுலயும் பேர் வெட்டிருப்பான்."

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். தீபாவளிச் சேலைக்கென்று ஊசிப்பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்த காசை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"சேல அடுத்த வருசம் வாங்கிக்கலாம். தல அடுத்த வருசம் வாங்க முடியாது. ஆனா ஒன்னு. நல்லமுத்து அண்ணன் போட்டிருந்த மாதிரி தொப்பி ஒரு பக்கம், தல ஒரு பக்கம்னு போற சாமானோட வீட்டுக்குள்ள வராதீங்க."

ஹலீம் நானாவின் கடை ஹட்டன் கடைத்தெருவின் சரிவில் இருந்தது. சீமைக்குத் திரும்பிப்போகிற துரைமார் ஏலம் விட்டுவிட்டுப் போகும் சாமான்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கிராமபோன் பெட்டி, டென்னிஸ் மட்டை, சோடி தொலைந்த ஒற்றைக் காற்சப்பாத்து, ஒரு குதிரைச் சேணம்கூட வார்களோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்மட்டா? மிச்சம் ஈக்கி தம்பி, வாங்க" என்று நானா இருக்கிறதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

முதலில் கண்ணாடி அலமாரியிலிருந்து கொழும்புப் புதுத் தொப்பி. விலையைக் கேட்டதும் அழகுமுத்து அதைத் தொடாமலே கையை மடக்கிக்கொண்டான். அது இரண்டு சேலை விலைக்கும் மேலே போனது.

அடுத்தது சண்டைக் காலத்து இரும்புத் தொப்பி. "இது குண்டுக்கே தாங்கினது. ஒங்க மதகுக்குத் தாங்காதா?"

அழகுமுத்து அதைக் கவிழ்த்து உள்ளே கை விட்டான். நாடா தளர்ந்து கிடந்தது. உள்ளங்கையால் அழுத்தினால் நேராக இரும்பைத் தொட்டது.

"நானா, குண்டுச் சில்லு மேலேயிருந்து விழும், தெறிச்சுட்டுப் போயிடும். நான் விழுந்தா தெறிக்க மாட்டேன். என் தல ஓடிட்டே வந்து கல்லுல நிக்கணும். நிக்கறதுக்கு எடம் வேணும்."

"என்ன எடம்?"

"லாரி ஒன்னு பிரேக் போட்டு நிக்குதுன்னு வைங்க. உள்ள இருக்கறவனுக்கு ஒன்னும் ஆகாது. அதே லாரி செவுத்துல முட்டி நின்னா? ரெண்டும் நிக்கறதுதான். ஒன்னு எடம் எடுத்துக்கிட்டு நிக்குது, இன்னொன்னு எடமே இல்லாம நிக்குது. இந்த இரும்பு நசுங்காது. நசுங்காததுக்குள்ள என் தல இருந்தா, நசுங்க வேண்டியது எது?"

நானா இரும்புத் தொப்பியைத் தன் தலையில் வைத்து, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

அதனால் உள்ளே தக்கை இருக்க வேண்டும். தொழிற்சாலையில் பெரிய எஞ்சினுக்கு அடியில் தக்கைப் பலகை வைத்திருந்ததை அழகுமுத்து நினைத்துக்கொண்டான். எஞ்சின் உதறுகிற உதறலை அது வாங்கிக்கொள்ளும், சுவர் வெடிக்காது. தொப்பியிலும் அதே வேலைதான். வெளி ஓடு கல்லின் முனையைப் பரப்பிவிடும். தக்கை நசுங்கி, ஒரு விரல்கடை இடத்தைத் தலைக்குக் கொடுக்கும். ஒருதரம் நசுங்கிய தக்கை மறுபடி எழாது. ஆகவே பழைய தொப்பி வாங்குகிறவன் வெளியே பார்க்கும் நேரத்தைவிட உள்ளே பார்க்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது தொப்பி பளபளவென்று கறுப்பாக இருந்தது. விலையும் கைக்குள் அடங்கியது.

"ஒரு சின்னத்தொர வெச்சிருந்தது. கீழ போட்டதே இல்ல, வல்லாஹி."

அழகுமுத்து மோந்து பார்த்தான். புதுப் பெயிண்ட். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மெல்ல நெருக்கினான். 'கிறிக்' என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நானா, தொப்பி வாயத் தொறந்து பேசுது. என்ன சொல்லுது கேட்டீங்களா?"

"என்ன சொல்லுது?"

"சின்னத்தொர கீழ போடல. தலையோடதான் போட்டாருங்குது."

நானா வாய்விட்டுச் சிரித்தார். "தாங்க இங்க! இத அலமாரிக்கு மேல பூச்சட்டி ஆக்குறேன்."

கடைசியில் மூலையிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசு தட்டினார். அவருக்கே வெட்கமாக இருந்தது போலும். "இத நான் காட்டவே நெனச்சதில்ல" என்றார். பெயிண்ட் உரிந்து திட்டுத்திட்டாகக் கிடந்தது. காதை மூடும் தோலை அந்துப்பூச்சி அரித்திருந்தது. வார் நைந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

அழகுமுத்து நெருக்கிப் பார்த்தான். சத்தம் இல்லை. விரல்முட்டியால் சுற்றிலும் தட்டினான். எல்லா இடத்திலும் ஒரே ஓசை. உள் நாடாவை விலக்கித் தக்கையைத் தடவினான். குழி எதுவும் இல்லை. தலையில் போட்டு, இரு கைகளாலும் தொப்பியைப் பிடித்துத் திருப்பினான். நெற்றித் தோலும் கூடவே திரும்பியது. அதுதான் அளவு. தோல் நிற்கத் தொப்பி மட்டும் சுற்றினால் பெரிது; வலித்தால் சிறிது.

"வாரு இல்லையே தம்பி?"

"வாரு நாங்க போட்டுக்குவோம். ஓடும் தக்கையும்தான் நம்மால செய்ய முடியாதது. காசு அதுக்குக் குடுத்தாப் போதும்."

நைந்த வாரைப் பிய்த்து எறியப்போனவன் நின்றான். அந்த வாரில், பக்கிள் கடித்த இடத்தில், ஆழமாக ஒரு மடிப்பு இருந்தது. துளை நீண்டு இழுபட்டிருந்தது. எவனோ ஒரு துரை வருடக்கணக்கில் அதே துளையில் பூட்டிப் பூட்டி உண்டான தழும்பு.

நல்லமுத்துவின் வாரில் அப்படி எதுவும் இல்லை. துளைகள் புதிதாக, வட்டமாக இருந்தன. மடிப்பே இல்லை. அந்தத் தொப்பியை அவர் எத்தனையோ நாள் போட்டிருக்கிறார். ஒரு நாள்கூடப் பூட்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் நல்லமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மேடையில் ஏறினால் ஒலிபெருக்கி தேவைப்படாத மனுஷன். துரைமாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார், கூட்டம் விசிலடிக்கும்.

"அண்ணே, வார ஏன் பூட்டல?"

அழகுமுத்து கட்டிலோரம் உட்கார்ந்து வாரின் மடிப்பைப் பற்றியும் துளையைப் பற்றியும் பொறுமையாகச் சொல்லி முடித்தான்.

"பிட்டர் புத்தி" என்றார் நல்லமுத்து. பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "பெருங்காட்டு எறக்கத்துல தொர ஜீப் வந்துச்சு" என்றார்.

"சரி?"

"என்ன சரி? ஒனக்குத் தெரியாதா? தொர வந்தா ஒங்கப்பன் என்ன செஞ்சான், எங்கப்பன் என்ன செஞ்சான்? தலையில கட்டின லேஞ்சிய அவுத்துக் கக்கத்துல வெச்சுட்டு ஓரமா நின்னான். தல மூடியிருக்கக் கூடாது. நான் நெனைக்கல தம்பி. சத்தியமா நெனைக்கல. கை தன்னால போயிடுச்சு, தொப்பியத் தூக்க. சட்டுன்னு தூக்கணும்னுதானே வாரத் தொங்கவிட்டே பழக்கம்."

"எந்தக் கை?"

நல்லமுத்து இப்போது திரும்பினார். "என்ன கேள்வி இது? எடது கையால மரியாத செய்வாங்களா?"

அழகுமுத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வலது கையில்தான் முன் பிரேக். ஆக்ஸிலேட்டரும் அங்கேதான். இறக்கத்தில், வளைவில், அந்தக் கை தொப்பிக்குப் போனபோது வண்டிக்குக் காலிலிருக்கும் பின் பிரேக் மட்டும்தான் மிச்சம். ஈரத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. வண்டி விழும்போது தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது. அது பறந்து செடிக்குள் போனது. அதனால்தான் கீறல் இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார் நல்லமுத்து. "மேடையில நின்னு நான் பேசுற பேச்சென்ன, என் கை செஞ்ச வேலையென்ன!"

"கையத் திட்டாதீங்கண்ணே. கைக்குப் பழக்கம்தான் தெரியும். சொன்னா கேக்காது."

சொன்னால் கேட்காத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனுக்கும் அதே கைதான். தொழிற்சாலைக்குத் துரை வந்தபோதெல்லாம் அவனும்தான் தொப்பியைக் கழற்றியிருக்கிறான். மனத்தை மாற்றிக்கொண்டு போவதில் பயனில்லை. தொப்பியை மாற்ற வேண்டும். கை போனாலும் அது கழலக்கூடாது.

பக்கிள் போட்டால், வளைவுக்கு முன்னாலேயே கட்டைவிரல் அதை நெம்பிவிடும்; ஒரு கைக்கு அடங்குகிற பூட்டு அது. இரண்டு கையும் இல்லாமல் அவிழாத பூட்டு வேண்டும். ஓடுகிற வண்டியில் யாரும் இரண்டு கையையும் விடமாட்டார்கள்.

ஹலீம் நானா கடைக்குத் திரும்பி ஓடினான். ஆணியில் தொங்கிய குதிரைச் சேணத்தைக் காட்டினான். குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வாரின் நுனியில் இரண்டு இரும்பு வளையங்கள் சேர்ந்தாற்போல் இருந்தன.

"இந்த ரெண்டு வளையமும், ஒரு முழம் தோலும்."

"பெருங்காட்டுப் பழைய தொரயிட குதிரச் சேணம் அது, தெரியுமா?"

"தொர கீழ விழாம இருந்தாரா?"

"அவர் ஒரு நாளும் விழல்ல."

"அப்ப அதேதான் வேணும்."

வளையத்துக்கு நானா காசு வாங்கவில்லை. "பூச்சட்டிக்கு ஈடு" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி தோலூசியால் வாரைத் தைத்தாள். மெஷின் தையல் ஒரு நூல் அறுந்தால் வரிசையாகப் பிரியும் என்று கையாலேயே போட்டாள். சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறிபோல் குறுக்கே இரண்டு. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒரு கோடு தாங்கிக்கொள்ளும். பூட்டியதும் அவனை உட்காரவைத்து, பின்னால் நின்று, பிடரியில் கை கொடுத்துத் தொப்பியை முன்பக்கமாகத் தள்ளினாள். நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினாள்.

"கழுத்து போயிடும்டி!"

"கழுத்து போகட்டும், தொப்பி வருதான்னு பாக்குறேன்" என்றாள். வரவில்லை.

திங்கட்கிழமை காலை மழை தூறி விட்டிருந்தது. பெருங்காட்டு இறக்கத்தில் அழகுமுத்து மெதுவாகவே வந்தான். மேலே மலையில் காளியாயி கூட்டம் நிரையில் நின்று பறித்துக்கொண்டிருந்தது. மதகு வளைவு நெருங்கியபோது எதிரே ஜீப்பின் மூக்கு தெரிந்தது.

அவன் ஒன்றும் நினைக்கவில்லை. வலது கை தானாகக் கிளம்பியது. மேலே போய்த் தொப்பியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கியது. தொப்பி அசையவில்லை. வார் தாடையை இறுக்கியது. கூடத் தலையும் சற்று நிமிர்ந்தது. தூக்க முடியாத கை ஒரு கணம் திகைத்து, திரும்பி வந்து பிரேக்கைப் பிடித்தது. முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்து நின்றன. வண்டி மதகுக்கு இந்தப் பக்கமே நின்றது.

துரை ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

"ஏய்! தொப்பி எடு!"

"சலாங்க. தொப்பி கழலாதுங்க."

"என்ன கழலாது? எடு மேன்!"

"கழலக் கூடாதுன்னுதாங்க செஞ்சிருக்கு. எஞ்சின் ஓடுற வரைக்கும் அது தலையிலதான் இருக்கும். ஆபீசுக்கு வந்து, வண்டிய நிறுத்திட்டு, ஒங்க முன்னாடியே கழட்டுறேன்."

"இது என் தோட்டம். தொப்பி எடுக்காட்டி பேச்சு இல்ல. திரும்பிப் போ."

அரைப்பேர்க் கணக்கு அவன் சட்டைப்பைக்குள் இருந்தது. திரும்பிப் போனால் அந்தப் பெண்களுக்குப் பாதிச் சம்பளம் போனது போனதுதான். தொப்பியைக் கழற்றினால் பேச்சு உண்டு. இரண்டு கையையும் வளையத்துக்குக் கொண்டுபோக நேரமும் இருந்தது, வண்டிதான் நின்றிருந்ததே. அவன் இரண்டு கைகளையும் கைப்பிடியிலேயே வைத்துக்கொண்டான்.

"திரும்ப மாட்டேங்க. இந்த எடத்துலதான் நல்லமுத்து அண்ணன் ஒங்களுக்குத் தொப்பியத் தூக்கினாரு. அந்தக் கல்லுல இன்னும் கற இருக்கு. பாருங்க."

துரையின் கண் மதகுப் பக்கம் போய்த் திரும்பியது. மலையில் கொழுந்து பறிக்கும் கைகள் ஓய்ந்திருந்தன. அந்த அமைதியில் காளியாயியின் குரல் இறங்கி வந்தது:

"தொரெ! ஒங்க தலையிலயும் ஒன்னு இருக்குங்களே! நீங்க மொதல்ல கழட்டுங்க, அவரு அப்பறமா கழட்டட்டும்!"

நிரை முழுக்கச் சிரித்தது. யாரோ கூடையைத் தட்டினார்கள். துரையின் கை அவருடைய தொப்பிக்குப் போய், பாதியில் நின்று, கியரைப் பிடித்தது. ஜீப் உறுமிக்கொண்டு மேலே போய்விட்டது.

அன்று அவனை ஆபீஸ் வாசலில் மாலைக் கொழுந்து நிறுக்கும்வரை காக்கவைத்தார்கள். அவன் காத்திருந்தான். கொழுந்தை நிறுத்து முடித்த பெண்கள் கூடையோடு முற்றத்தில் வந்து நின்றுகொண்டார்கள். வீட்டு லயத்துக்குப் போகச் சொல்லியும் நகரவில்லை. கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். அழகுமுத்து எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் வாரை அவிழ்த்து, அந்த உரிந்துபோன தொப்பியைத் துரையின் மேசையில் வைத்துவிட்டுப் பேசினான். அந்த வாரத்து அரைப்பேர் முழுப்பேராயிற்று. போன மாதம் போட்ட அரைப்பேருக்குத் துரை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

தையல் பிரித்து வீடு திரும்பிய நல்லமுத்து, ஒரு நாள் தன்னுடைய கீறல் விழாத தொப்பியோடு வந்து நாகலெட்சுமியின் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். சேணத்து மறுபக்க வாரிலும் இரண்டு வளையம் இருந்தது என்று ஹலீம் நானா கொடுத்தனுப்பியிருந்தார்.

"எனக்கும் போட்டுக் குடும்மா. இந்தக் கைய நான் நம்பல" என்றார்.

அவள் தைத்துக் கொடுத்தாள். அழகுமுத்து அதை அவர் தலையில் வைத்து, எப்படிப் பூட்டுவது என்று காட்டினான். வாரின் நுனியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட வேண்டும். மேல் வளையத்தை மட்டும் சுற்றித் திரும்பி, இரண்டுக்கும் நடுவே இழுக்க வேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. எதிரே யார் வந்தாலும், எஞ்சின் நிற்கும்வரை அவிழ்க்கக் கூடாது.